கெர்னல் நினைவகக் கசிவு கண்டறிதல்

இயங்குதளத்தின் கருவான கெர்னல், கேட்டுப் பெற்ற நினைவகத்தை வேலை முடிந்தும் திருப்பிக் கொடுக்காமல் விட்டுவிடும் இடத்தைத் தேடிப் பிடிக்கும் பணி; பிழைதிருத்தத்தின் ஒரு பிரிவு. சாதாரண நிரல் கசியவிட்டதை, அது முடிந்ததும் இயங்குதளம் மீட்டுக்கொள்ளும். கெர்னல் கசியவிட்டதோ கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை திரும்பாது. மாதக்கணக்கில் அணையாத சர்வர்களில் இது பெருந்தொல்லை.

லினக்ஸில் முதல் தடயம், நினைவக நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் 'எஸ்அன்ரீக்ளெய்ம்' (மீட்க இயலாத ஸ்லாப் நினைவகம்) எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போவது. எந்த வகைப் பொருள் பெருகுகிறது என்பதை ஸ்லாப்டாப் என்னும் கருவி காட்டும்; ஒதுக்கியது யார் என்று காட்டாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது, கேட்டலின் மரினாஸ் எழுதி 2009இல் லினக்ஸ் 2.6.31 பதிப்பில் சேர்ந்த கேமெம்லீக் என்னும் கருவி. கேமாலாக் முதலிய செயற்கூறுகள் செய்யும் நினைவக ஒதுக்கீடுகளை, அவற்றைக் கோரிய அழைப்பு வரிசையோடு இது குறித்துக்கொள்கிறது. இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை கெர்னலின் தரவுப் பகுதிகளையும் ஸ்டாக்குகளையும் துழாவி, எந்தச் சுட்டியும் (நினைவக முகவரியைத் தாங்கும் மதிப்பு) எட்டாத துண்டுகளை அனாதைகளாகப் பட்டியலிடும். அதன் கோப்பில் 'ஸ்கேன்' என்று எழுதினால் உடனே துழாவும்.

அனாதைகளை அது விடுவிப்பதில்லை; அறிவிப்பதோடு சரி. இந்த முன்னெச்சரிக்கை மிகத் தேவையானது: சுட்டி உருமாற்றி வைக்கப்பட்டிருந்தால் பயன்பாட்டிலுள்ள துண்டும் அனாதையாகத் தெரியும். சுட்டிபோலத் தோன்றும் வெற்று எண்ணோ உண்மையான கசிவை மறைத்துவிடும்.

வேகத்தைக் குறைப்பதால் பெரும்பாலும் சோதனைக் கெர்னல்களில் மட்டுமே இது இயக்கப்படுகிறது.