நெடும்பணியில் நிறைந்த இன்பம்

பாட்டு ஒன்று ஒரே மாலையில் பிறந்துவிடலாம். சிறுகதையை ஓரிரவில் எழுதி முடித்தவரும் உண்டு. புதினமோ அவ்வாறு பிறப்பதன்று. அஃது ஆண்டுக்கணக்கில் ஒருவரது உள்ளத்தில் குடியிருந்து, அவரோடு உண்டு, உறங்கி, நோயுற்று, தேறி, மெல்ல மெல்ல வளர்வது. கற்றோர் பெரும்பாலும் முடிந்த நூலையே எடுத்துப் பேசுவர், பாத்திரப் படைப்பை ஆராய்வர், உவமைகளை எண்ணுவர். அந்நூல் எழுதப்பெற்ற காலத்தில் எழுதியவர் எவ்வாறு வாழ்ந்தார், அத்தனை ஆண்டும் எது அவரை எழுதுபலகையின் அருகே இருத்தியது என்று கேட்பவர் சிலரே. புகழ் என்றால், புகழ் நூல் வெளிவந்த பின்னரன்றோ வரும்? பொருள் என்றால், தமிழில் எழுதிப் பொருள் சேர்த்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே எழுதும் தொழிலின் உள்ளேயே ஓர் இன்பம் இருந்திருத்தல் வேண்டும். அவ்வின்பத்தின் சுவடுகளைச் சில எழுத்தாளர் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

தமிழ்ப் புதினத்தின் தொடக்கக் காலம் இவ்வகையில் மிகுதியாக உதவுவதில்லை. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. ராஜம் ஐயர் 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடராக எழுதி, 1898இல் இருபத்தாறாம் வயதிலேயே மறைந்தார். நீண்ட காலம் ஒரு கதையோடு வாழ்ந்ததை நாளும் ஆண்டுமாகக் கணக்கிட்டுக் காட்டத்தக்கவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியே ஆவார்.

கல்கியின் சிவகாமியின் சபதம் 1944இல் தொடங்கி 1946இல் நிறைவெய்தியது. எனினும் அதன் வித்து விழுந்த நாள் வேறு. நூல் முடிவுறுவதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன்னர், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் மாமல்லபுரத்துக் கடற்கரையில் அமர்ந்திருந்த வேளையில் அக்கதை தம் உள்ளத்தில் முளைத்ததாக அவரே முன்னுரையில் கூறியுள்ளார். இடைப்பட்ட ஆண்டுகள் ஓய்ந்திருந்த ஆண்டுகள் அல்ல. ஆனந்த விகடனின் ஆசிரியப் பொறுப்பு அவர் தோளில் இருந்தது. நாட்டு விடுதலைப் போரில் மீண்டும் சிறை புகுந்து வந்தார். விகடனை விட்டு நீங்கி, 1941ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நண்பர் சதாசிவத்துடன் தம் பெயராலேயே புதிய இதழைத் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவே பல்லவர் கதை அவரை விட்டு அகலவில்லை.

இங்கே வியக்கத்தக்க ஒன்று உண்டு. புதிய இதழில் கல்கி முதலில் எழுதியது பார்த்திபன் கனவு. அதில் வரும் நரசிம்மவர்ம பல்லவர் வயது முதிர்ந்தவர், மகளைப் பெற்றவர், சிவனடியார் வேடத்தில் உலவுபவர். அதன் பின்னரே, அதே நரசிம்மரின் இளமைக் காலத்தை, அவர் ஆடலரசி ஒருத்தியின்பால் உள்ளம் பறிகொடுத்த காலத்தை எழுதத் தலைப்பட்டார். முதியவரை முதலில் அறிந்துகொண்டு, இம்முதியவர் இளைஞராய் இருந்தபோது என்ன இழந்திருப்பார் என்று பின்னோக்கிச் சென்றிருக்கிறார் எனலாம். ஒரு பாத்திரத்தோடு பத்தாண்டுக்கு மேல் பழகினாலன்றி இது கைகூடுவதில்லை. பழகியவரைப் பற்றி மேலும் மேலும் அறிய விழைவது மனித இயல்பு. அவ்விழைவே நெடுங்கதை எழுதுவோனுக்குக் கிட்டும் முதல் இன்பம்.

பொன்னியின் செல்வன் 1950ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தொடங்கி, 1954ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் முடிவுற்றது. ஏறத்தாழ 185 வாரங்கள். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். சராசரியாக வாரத்திற்கு ஒன்றரை அத்தியாயம் என்னும் கணக்கு. வார இதழுக்கு வெள்ளம் என்றும் காய்ச்சல் என்றும் விடுமுறை கேட்க முடியாது. தலையங்கமும் கலைவிமரிசனமும் எழுதிய அதே கை, வந்தியத்தேவனையும் குதிரைமீது ஏற்றி வீரநாராயண ஏரிக்கரையில் செலுத்தியாக வேண்டும். இதனை அடிமைத் தொழில் என்று கருதுவாரும் உண்டு. ஆனால் அந்நூலைப் படிப்பவர் எவரும் அடிமையின் களைப்பை அதில் காண்பதில்லை. ஆழ்வார்க்கடியான் வாய் திறக்கும் இடங்களில் எழுதியவரும் உடன் சிரித்திருக்கிறார் என்பது எளிதில் புலப்படும்.

அம்மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, தேடலிலிருந்து வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் எனக் குறிக்கப்பெறுகிறார். வந்தியத்தேவன் யார், எத்தகையவன், குந்தவையை எவ்வாறு மணந்தான் என்பனவற்றையெல்லாம் அக்கல்வெட்டு சொல்லவில்லை. அந்த ஒற்றை வரியிலிருந்து தமிழ் வாசகர் பல தலைமுறையாக நேசிக்கும் தலைவன் ஒருவன் எழுந்து வந்தான். காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு மற்றொன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சுட்டி, அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியை அது கூறுகின்றது. வகுப்பில் இவ்விரு கல்வெட்டுச் செய்திகளையும் முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டி, பின்னர்க் கதையைப் படிக்கச் செய்யும் ஆசிரியர், கற்பனை என்பது யாது என்னும் பாடத்தை வேறு விளக்கமின்றியே நடத்தி முடித்தவராவார்.

கல்கி நூல்களோடு நின்றாரல்லர். ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்று, கதை நிகழும் இடங்களை நேரிற் கண்டார். அநுராதபுரமும் தம்பள்ளையும் பொலன்னறுவையும் இரண்டாம் பாகத்தில் அத்துணைத் துலக்கமாக அமைந்தமைக்கு அப்பயணமே காரணம். நடந்து பார்த்த இடத்தைப் பற்றி எழுதுங்கால் எழுதுகோல் தானே நடக்கும்போலும்.

மற்றொரு பகுதி மகிழ்ச்சி, விடை தெரியாமையிலிருந்து வந்தது. கரிகாலனை உண்மையில் வீழ்த்தியது எவர் கை, ஏவியது எவர் மனம் என்பது வரலாற்றாசிரியர் இன்றும் வழக்காடும் பொருள். மூன்றரை ஆண்டு அப்புதிரோடு வாழ்ந்த கல்கி, கடம்பூர் மாளிகையின் இருளில் விளக்கை அணைத்துவிட்டாரேயன்றி, விடையை வெளிச்சமிட்டுக் காட்டவில்லை. முடித்துவிடும் அவசரம் உள்ளவர் ஏதேனும் ஒரு விடையைத் தந்து தப்பித்திருப்பார்.

பாகங்களின் அளவும் ஒரு செய்தி சொல்கின்றது. மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் தனித்தனியே 46 அத்தியாயங்கள். இறுதிப் பாகமோ 91. கதை முடிவை நெருங்க நெருங்கச் சுருங்குதல் வேண்டும்; இங்கே அது விரிகின்றது. அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள் பல இருந்தன என்பது உண்மையே. ஆயினும் அம்மக்களைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை என்று கொள்வது தவறாகாது. முடிந்த பின்னும், பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று அறிய விழைந்த வாசகர்க்காக அவர் முடிவுரை ஒன்று எழுத நேர்ந்தது.

தொடர்கதை எழுதுவோனுக்கு ஓர் இடர் உண்டு. அச்சேறிய அத்தியாயத்தை அவன் திரும்பப் பெற இயலாது. சென்ற ஆண்டு சொன்ன சொல் இவ்வாண்டு குறுக்கே நிற்கும். இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் உருசிய நாட்டு லியோ டால்ஸ்டாய். தமிழில் டி. எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' எனப் பெயர்த்தளித்த பெருநூலை அவர் 1863 முதல் 1869 வரை எழுதினார். அதன் ஒரு பகுதி 1865இல் இதழொன்றில் வெளிவந்தபோது நூலுக்கு அப்பெயர்கூட அமையவில்லை. முதலில் அவர் எண்ணியது, நாடுகடத்தப்பெற்று 1856இல் திரும்பும் கிளர்ச்சிக்காரர் ஒருவரின் கதை. அம்மனிதரை விளங்கிக்கொள்ள 1825க்குப் பின்சென்றார்; அங்கிருந்து நெப்போலியன் படையெடுத்த 1812க்கு; அங்கும் நில்லாமல் 1805க்கு. தொடக்கத்தை மட்டும் பதினைந்துக்குக் குறையாத முறை எழுதிப் பார்த்தார். 1864இல் குதிரையிலிருந்து வீழ்ந்து வலக்கை முறிந்தபோதும் பிறரை எழுதச் சொல்லிப் பணியைத் தொடர்ந்தார். 1867இல் பொரொதினோ போர்க்களத்திற்கே சென்று சுற்றிப் பார்த்து, கதிரவன் எத்திசையிலிருந்து ஒளிவீசியிருப்பான் என்பதையும் குறித்துக்கொண்டு திரும்பினார். முன்னெப்போதும் இல்லாத வகையில் தாம் எழுத்தாளராகவே வாழ்வதாகத் தொடக்கக் காலத்தில் உறவினர் ஒருவருக்கு மடலும் வரைந்தார்.

அவர் எழுதி, அடித்து, இடுக்குகளில் நுழைத்த வரிகளைப் படித்துத் தெளிவாகப் படியெடுத்தவர் மனைவி சோபியா. மறுநாளே அப்படிகள் மீண்டும் அடித்தல் திருத்தலோடு அவரிடம் திரும்பி வரும். அவ்வாண்டுகளில் அவ்வம்மையார் நான்கு மக்களை ஈன்று வளர்த்தும் வந்தார். ஒருவரது படைப்பின்பத்திற்கு மற்றொருவரது உறக்கம் விலையாயிற்று என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இவ்வின்பம் ஒவ்வொரு நூலிலும் தவறாது வரும் என்றும் எண்ணிவிட வேண்டா. இதே டால்ஸ்டாய், மகா பீட்டர் மன்னரைப் பற்றிய புதினத்தைப் பலமுறை தொடங்கிக் கைவிட்டார். அன்னா கரீனினாவை எழுதிய 1873 முதல் 1877 வரையிலான காலத்தில் அந்நூலே தமக்குச் சலிப்பூட்டுவதாக நண்பர்களிடம் நொந்துகொண்டார். அந்நூலும் பெருநூலாகவே நின்றது. எழுதியவரின் இன்பமும் நூலின் உயர்வும் எப்போதும் சேர்ந்தே நடப்பன அல்ல.

கல்கியின் கதைக்குத் திரும்பினால், பொன்னியின் செல்வன் முடிந்த அதே 1954இல், உடல்நலம் குன்றியிருந்தும், அவர் அமரதாரா என்னும் புதிய தொடரைத் தொடங்கினார். டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக்கொண்டு மகள் ஆனந்தி அதனை எழுதி நிறைவு செய்தார். மூன்றரை ஆண்டுப் பணி அவரை வெறுமையாக்கியிருப்பின், ஓய்வெடுத்துக்கொள்ள அதனினும் தக்க தருணம் வேறில்லை.

கல்கிக்கு வாரந்தோறும் வாசகர் இருந்தனர். வாசகரே இல்லாமல் எழுதியவருக்கு எது துணை? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், மலாயா, இந்தோனேசியத் தமிழர் வாழ்வை எழுதிய ப. சிங்காரத்தை நினைத்தல் தகும். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் சுமத்திராவின் மேடான் நகருக்குச் சென்று வட்டிக்கடையில் பணியாற்றியவர். அங்கேயே மனைவியையும் குழந்தையையும் இழந்தவர். போர் முடிந்தபின் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியே வாழ்ந்தவர். 1950 அளவில் அவர் எழுதிய கடலுக்கு அப்பால், கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. அதனினும் பெரியதாகிய புயலிலே ஒரு தோணியை 1962 அளவில் எழுதி முடித்தார். வெளியிட முன்வருவாரின்றிப் பத்தாண்டு காத்திருந்து 1972இல்தான் அஃது அச்சேறியது.

அந்நூலில் மேடானின் தெருக்களும், பினாங்கின் மதுக்கடையில் அமர்ந்து பழந்தமிழ் நூல்களைப் புரட்டியெடுத்துப் பேசும் இளைஞரும், படகில் கடலைக் கடக்கும் வணிகரும் கண்முன் நிற்கின்றனர். போரில் சிதைந்த ஊர்களை, பதினைந்து ஆண்டுக்குப் பின், மதுரையின் சிறு அறையொன்றிலிருந்து தெருத்தெருவாக மீண்டும் எழுப்பியிருக்கிறார். மனைவியோடு வாழ்ந்த ஊர் அது. அதனுள் மறுபடியும் நடந்து திரிய அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கேலியும் கூத்தும் நிறைந்த அவ்வுரையாடல்களைத் துன்பத்தால் மட்டும் எழுதியிருக்க இயலாது.

1997ஆம் ஆண்டு இறுதியில் அவர் காலமானார். மூன்றாவது புதினம் ஒன்றை அவர் எழுதவில்லை.