வாக்குரிமையும் வாரிசுரிமையும்

தேர்தல் அரசியலிற் குடும்ப ஆதிக்கத்தைத் தனிமனிதரின் பதவி ஆசையாக மட்டும் விளக்குவது அதன் சமூக அடித்தளத்தை மறைத்துவிடும். இலங்கையிற் சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931ஆம் ஆண்டு நடைபெற்ற முதலாவது தேர்தலில், மகா முதலியாரின் மகனான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க வெயாங்கொடைத் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவானார். வாக்குரிமை வந்தது, வாக்களிக்கும் தேவை அங்கு எழவில்லை. குடியேற்ற ஆட்சி வழங்கிய பதவியும் பெருநிலவுடைமையும் மக்களின் சம்மதமாக உருமாறின.

இக்குடும்பத்தின் அரசியலை முற்றாகப் பிற்போக்கானதெனல் பொருந்தாது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முயன்றது. 1959இற் பண்டாரநாயக்க கொல்லப்பட்டபின் ஆட்சிக்கு வந்த அவருடைய மனைவி சிறிமாவோவின் அரசாங்கம், கிராமத் தலைமைக்காரர் முறையை 1963இல் ஒழித்தது. ஆயின் 1965இல் அவர் போட்டியிட்டது கணவரின் அத்தனகல்லைத் தொகுதியிலேயே. கிராமத்தில் ஒழிக்கப்பட்ட பழைய தலைமை, தொகுதியிற் புதுவடிவில் நீடித்தது. 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானார்.

தலைவரின் பிள்ளை வேட்பாளராவது தன்னளவிற் குற்றமன்று. பொதுப்பணத்தில் அமைந்த வீதியும் அரசாங்க உத்தியோகமும் ஒரு குடும்பத்தின் கொடையாகத் தோன்றும்போது, குடிமகனின் உரிமை நன்றிக்கடனாகத் திரிகின்றது. அறவியற் பிரச்சினை அங்கேதான் தொடங்குகின்றது. வேட்பாளரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் கட்சியின் சாதாரண உறுப்பினரைச் சென்றடையாதவரை, வாக்குச்சீட்டு வாரிசுரிமைக்கு இடப்படும் ஒப்பமாகவே எஞ்சும்.