பாயிரமும் 'புரோலோகோ'வும்: நூலுறுப்புச் சொல் ஒன்றின் வரலாறு

ஸ்பானிய மொழி பயிலும் தமிழ் மாணவர், நூலின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களுள் 'ஓகா' என்பதை எளிதில் மனங்கொள்வர். மரத்தின் இலையையும் நூலின் தாளையும் குறிக்கும் அச்சொல், பனையோலையை ஏடாக்கிய மரபினர்க்கு அயலானதன்று. இடர் தருவது 'புரோலோகோ'. 'முன்' 'உரை' என்னும் பொருளுடைய கிரேக்கக் கூறுகளால் ஆனமையின் அதனை 'முன்னுரை' எனப் பெயர்த்தல் இயல்பு. ஆயின் ஸ்பானியத்தில் நூலாசிரியர் எழுதுவதும் பிறர் எழுதுவதும் அப்பெயரே பெறும். இன்றைய தமிழிலோ பின்னது அணிந்துரை.

இவ்வேறுபாடு பழமையானதன்று. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி, முகவுரை, அணிந்துரை, புறவுரை, தந்துரை முதலியவற்றைப் பாயிரத்தின் பெயர்களாகவே தொகுத்தார். அவர் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது கொங்கு மரபு. சூலூர் முதலிய கொங்கு ஊர்களின் புலமையாளர் அவரைத் தம் நாட்டவராகப் போற்றுவர். மைசூர்ப் பகுதியினர் என்பாரும் உளர்.

சிறப்புப்பாயிரம் உரைப்பதற்குரியோர் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் என நன்னூல் வரையறுக்கிறது. தற்புகழ்ச்சி தகாது என்பது காரணம். எனினும் இதனை அடக்கம் பற்றிய விதியாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஓலைச்சுவடிக்கு இன்றைய முகப்புத்தாள் இல்லை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைச் சுமந்தது பாயிரமே. முதலேடு சிதைந்தால் ஆசிரியர் பெயரும் அதனோடு மறையக்கூடும். பாயிரத்தை வெறும் புகழ்மாலையாகக் கருதிச் சுவடி அட்டவணையில் விடுத்தல் அதனினும் பெரிய இழப்பு.

அச்சு வந்தபின் பெயரும் ஊரும் ஆண்டும் முகப்புத்தாளுக்குப் பெயர்ந்தன. செய்திச்சுமை நீங்கிய சிறப்புப்பாயிரம், 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் புலவர் பலரின் பாராட்டுச் செய்யுள்களாய்ப் பெருகியது. உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவகசிந்தாமணிப் பதிப்பில் 'முகவுரை' பதிப்பாசிரியரின் சொந்த உரைநடையாயிற்று. பாயிரத்தின் பெயர்கள் வெவ்வேறு பணிகளுக்குப் பிரிந்த வழி இதுவெனக் கொள்ளலாம்.

ஸ்பெயினிலும் பிறர் பாராட்டுப்பாக்களை நூன்முகத்தில் சேர்க்கும் வழக்கு இருந்தது. 1605இல் 'தோன் கிகோத்தே'யை வெளியிட்ட செர்வாந்தெஸ், தம் 'புரோலோகோ'வில் அதனை எள்ளினார். அப்பாக்களைத் தாமே இயற்றிப் பெரியோர் பெயரில் சார்த்திவிடலாம் என நண்பர் ஒருவர் அறிவுறுத்துவதாகவும் எழுதினார். பவணந்தியின் விதியை அறிந்தவர்க்கு இவ்வங்கதம் உரையின்றியே விளங்கும். அம்முன்னுறுப்பைத் தமிழாக்குவோர் 'முன்னுரை' எனலாம். அதே பெயரில் பிறர் எழுதியதற்கு அணிந்துரை என்பதே பொருந்தும்.