கை அறிந்த கணிதம்

பாலாற்றின் வடகரையில், ஆற்காட்டுக்கு எதிரே அமைந்த இராணிப்பேட்டை, தோல் தொழிலால் பெயர்பெற்ற ஊர். அங்கே காலணியின் மேற்பகுதிக்குத் தோல் வெட்டும் தொழிலாளியைச் சற்று உற்றுநோக்குவோம். அவர்முன் விரிந்துள்ள தோல், தாளைப்போல் ஒரே சீரானதன்று. முதுகுப்புறம் உறுதியாக இருக்கும். வயிற்றுப்புறம் தளர்ந்து இழுபடும். இடையிடையே தழும்பும் துளையும் உண்டு. வலக்காலுக்கும் இடக்காலுக்கும் ஒத்த துண்டுகளை, வீணாவது குறையுமாறு, மனத்துக்குள்ளேயே திருப்பியும் கவிழ்த்தும் பொருத்திப் பார்த்த பின்னரே அவர் வெட்டத் தொடங்குகிறார். இது கணிதமன்றி வேறென்ன?

ஆயினும், அவர் வீட்டுப் பிள்ளை அட்டைப்பெட்டிகளை அடுக்கி விளையாடினால், “விளையாட்டை விடு, புத்தகத்தை எடு” என்னும் அதட்டலே எழுகிறது. கைவேலை வேறு, கல்வி வேறு என்ற இப்பிரிவினை நம் வரலாற்றுக்கு ஏற்றதுதானா?

கி.பி. 940இல் குராசானில் பிறந்து பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, கைவினைஞர்க்கு வேண்டிய வடிவியல் குறித்துத் தனி நூலே இயற்றினார். அறிஞரும் கைவினைஞரும் கூடிய அவையில் எழுந்த ஒரு வினாவை அதில் எடுத்துரைக்கிறார். சம அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எங்ஙனம்? அறிஞர் அப்பெருஞ்சதுரத்தின் பக்க அளவை எளிதில் வரைந்து காட்டினர். துண்டுகளைப் பொருத்தும் வழியை அது சொல்லவில்லை. கைவினைஞர் வெட்டிப் பொருத்தினர். அவர்தம் முறைகளுள் சில கண்ணுக்குச் சரியாகத் தோன்றினும் கணக்கில் பிழைத்தன.

அபுல் வஃபா இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினார். கிடைத்த நான்கு முக்கோணங்களின் நீண்ட பக்கங்களை மூன்றாம் சதுரத்தின் நான்கு பக்கங்களோடு, ஒவ்வொரு மூலையிலிருந்தும் தொடங்குமாறு, காற்றாடிபோல் சேர்த்தார். செங்கோண முனைகளைக் கோடுகளால் இணைத்து, வெளியே நீண்ட நுனிகளை வெட்டி, உள்ளிருந்த இடைவெளிகளில் நிரப்பினார். பெருஞ்சதுரம் பிழையின்றி அமைந்தது. கையின் தேவையை அறிவு நிறைவேற்றிற்று. கையின் பிழையையும் அதுவே திருத்திற்று.

பிற்காலத்தில் இவ்வுண்மை குழந்தைக் கல்விக்கும் வந்தது. ஜெர்மனியில் ஃபிரோபெல் 1837 முதல் பந்து, உருளை, கனசதுரம் ஆகியவற்றைச் சிறுவர் கையில் தந்தார். 1907இல் ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான பத்துக் கனசதுரங்களை அடுக்கும் கோபுரம் அவர் முறையில் புகழ்பெற்றது. 1939இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அதற்கு ஈராண்டு முன்னர், 1937இல், கைத்தொழில் வழிக் கல்வியை வகுக்க வார்தாவில் அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன்.

இடத்தையும் வடிவத்தையும் உணரும் இத்திறன் பிறவியோடு முடிந்துவிடுவதில்லை. 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கட்டுரை, பயிற்சியால் அது வளரும் எனக் காட்டியது. ஆகவே எழுத்தில் பின்தங்கிய பிள்ளையை மந்தம் என்று தள்ளுமுன், அதன் கைக்கு நாம் என்ன கொடுத்தோம் என எண்ணிப் பார்க்கவேண்டும்.

பிள்ளைகளைத் தொழிற்கூடத்துக்கு அனுப்பச் சொல்கிறோம் என எவரும் கருதவேண்டா. அங்குள்ள இரசாயனம் ஏறிய தோல் துண்டுகளும் வேண்டா. களிமண்ணும், பழைய தாளும், வெறும் அட்டைப்பெட்டிகளும் போதும். சிறு குழந்தை சதுரத் தாளை மடித்து இரு முக்கோணம் காணட்டும். பெட்டிகளை அடுக்கும்போது மேல், கீழ், இடம், வலம் என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்போம். ஆண்பிள்ளைக்கு மட்டுமன்று, பெண்பிள்ளைக்கும் இவ்வாய்ப்பு உரியது.

சற்று வளர்ந்த பிள்ளையோடு, மாலையில் வீடு திரும்பும் அத்தொழிலாளி அமர்ந்து, அபுல் வஃபாவின் மூன்று சதுரங்களைத் தாளில் வெட்டிப் பார்க்கட்டும். பள்ளியில் தான் அஞ்சும் கணிதம் தன் தந்தையின் கையில் நாள்தோறும் இருந்ததை அன்று அப்பிள்ளை அறிந்துகொள்ளும்.