சாரலுக்குக் கட்டிய மரக்குடை

சித்திரையில் பெங்களூர் மழை காற்றோடு குறுக்காக அடிக்கும். சில மாலைகளில் ஆலங்கட்டியும் விழும். அந்தச் சாரல் சன்னலுக்குள் நுழையாமல் இருக்க, பழைய ஆங்கிலப் படைக் குடியிருப்பான கண்டோன்மென்டின் பங்களாக்களில் சன்னலுக்கும் முன்வாசலுக்கும் மேலே கூரைபோல மரத்தில் கட்டியதுதான் மங்கி டாப். அதை வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடிவதில்லை. அல்சூரில் தலைமுறையாய் மரவேலை செய்த குடும்பம் எங்களுடையது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே தங்கிய ஆங்கிலப் படை காய்ச்சலில் வாடியது. அதனால் ஏறத்தாழ 3000 அடி உயரத்திலிருக்கும் பெங்களூருக்குப் படையை மாற்றினார்கள். 1809இல் கண்டோன்மென்ட் உருவானது. படையைத் தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்தன. ஆங்கில அதிகாரிகள் தங்கள் ஊர் வீட்டின் கூர்முகட்டைக் கேட்டார்கள். கட்டியவர்களுக்கு இந்த ஊர் மழை தெரிந்திருந்தது. இரண்டும் கூடிப் பிறந்த வடிவம் இது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின், பல மங்கி டாப்களின் தலையில் மங்களூர் ஓடு ஏறியது.

அதன் நுட்பம் இடைவெளியில் இருக்கிறது. முகப்பில் பலகையை அடைத்து அறைந்தால் காற்று அதைக் கப்பல்பாயாக்கிப் பிய்த்துவிடும். மெல்லிய பட்டிகளை இடம்விட்டு நிறுத்தினால் காற்று வேகம் குறைந்து உள்ளே போகும். பெரும்பாலான நீர் பட்டியிலேயே வழிந்துவிடும். பட்டியின் அடிநுனியைக் கூராகச் செதுக்குவதும் அழகுக்கு மட்டுமல்ல. தட்டையாக அறுத்த நுனியில் நீர் தங்கி மரம் ஊறி மட்கும். கூர்நுனியில் சொட்டி விழுந்துவிடும்.

பிறகு சிமெண்ட் சன்ஷேட் வந்தது. நேராகப் பெய்யும் மழைக்கு அது போதும். குறுக்கே அடிக்கும் சாரலுக்குப் போதாது. 1977இல் ஜேனட் பாட் பெங்களூரின் பழைய பங்களாக்களைப் பற்றி வரைபடங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். ரிச்மண்ட் டவுனிலும் பிரேசர் டவுனிலும் அத்தகைய வீடுகள் ஒவ்வொன்றாய் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன.

மங்கி டாப் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்குனியிலேயே தச்சரைக் கூப்பிடுங்கள். நகர்ந்த ஓட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள். சுவரில் பிடித்திருக்கும் தாங்குசட்டத்தை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மட்கிய பட்டியை மட்டும் மாற்றி, மரம் நன்றாக உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். ஒரு பட்டி கெட்டதற்காக முழுவதையும் பிடுங்கி எறியாதீர்கள். அதைப் புதிதாகச் செய்யத் தெரிந்த கைகள் இந்த ஊரில் குறைந்துவிட்டன.