வளைக்கும் காய்ச்சலின் வரலாறு

1952ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவிலே, இன்றைய டான்ஸானியாவின் தென்கோடியிலுள்ள மகோண்டே மேட்டுநிலத்தில் ஒரு காய்ச்சல் பரவிற்று. கண்டவரை நிமிரவொட்டாது முடக்கிய அந்நோயை அம்மக்கள் ‘சிக்குன்குன்யா’ என்றனர். வளைந்து மடங்கச் செய்வது என்பது அச்சொல்லின் பொருள். 1955இல் ராபின்ஸன், லம்ஸ்டன் என்னும் இருவர் இந்நோயை விரித்தெழுதியபோது, அவ்வூர்ச் சொல்லே மருத்துவ நூல்களிலும் நிலைபெற்றது.

பெயர் புதிதாயினும் நோய் பழையதாகலாம். 1824இல் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் பரவிய காய்ச்சல், தணிந்த பின்னும் மூட்டுகளில் நெடுநாள் வலியை விட்டுச் சென்றது. அது டெங்கு எனவே கருதப்பட்டு வந்தது. அத்தகைய பழைய காய்ச்சல்கள் சில உண்மையில் சிக்குன்குன்யாவே என்று கேரி என்னும் ஆய்வாளர் 1971இல் வாதிட்டார். பின்தங்கும் வலியே அவருக்குத் துப்பாயிற்று.

நம் நாட்டில் இந்நோய்க் கிருமி 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் கண்டறியப்பட்டது. 1973இல் மராட்டியத்துப் பார்சியில் தோன்றியபின் முப்பதாண்டுக்கு மேல் ஓய்ந்திருந்தது. 2005இன் இறுதியில் மீண்டும் கிளம்பி, 2006இல் ஏறத்தாழ 14 லட்சம் பேரைத் தாக்கியதாகக் கணக்கிடப்பட்டது.

2016இல் தில்லியில் பரவியபோது நானும் அதற்கு ஆளானேன். காய்ச்சல் நான்கே நாளில் விட்டது, வலி விடவில்லை. காலையில் பேனா பிடிக்க விரல் மடங்காது. கெண்டைக்காலில் நரம்பு சுண்டும். ஒரு வாரம் நலமாயிருந்து மறு வாரம் திரும்பும். “காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் என்ன வலி?” என்று அலுவலகத்தில் கேட்டவர் உண்டு. நாளடைவில், பொய் சொல்கிறோமோ என்று எனக்கே ஐயம் தோன்றிற்று. அப்போது சென்னையிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னார்: “அறுபத்து நாலில் உன் தாத்தாவுக்கும் இதேதான். காய்ச்சல் மூன்று நாள். அடுத்த பொங்கல் வரை சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார்.” அச்சொல் மருந்தினும் பெரிய ஆறுதலாயிற்று.

இவ்வலி கற்பனையன்று. கிருமி சில நாட்களில் குருதியினின்று நீங்கினும், தசையிலும் மூட்டிலும் அழற்சி தொடர்வதுண்டு. சிலருக்கு ஊசி குத்துவது போன்ற நரம்பு வலியும் சேரும். பலர் சில வாரங்களில் தேறுவர். சிலருக்கு மாதங்கள், ஏன், ஆண்டுகளும் ஆகும். கிருமியை அழிக்கும் தனி மருந்து இல்லை. ஓய்வும், மெல்லக் கூட்டும் உடற்பயிற்சியும், மருத்துவர் தரும் வலி மருந்துமே துணை. டெங்கு அன்று எனத் தெளியுமுன் ஆஸ்பிரின் உண்ணலாகாது.

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிற் கடிப்பது. தேங்கிய நன்னீரில் பெருகுவது. வடநாட்டில் வாழும் நம்மவர் கூலர்த் தொட்டியை வாரம் ஒருமுறையேனும் வடித்துத் தேய்த்து உலர்த்துதல் வேண்டும்.

கொள்ளைநோய்க் கணக்கேடுகள் பெரும்பாலும் காய்ச்சல் கண்டாரை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. வலி நீங்கிய நாளை வீட்டாரே அறிவர். ஊரிலுள்ள முதியோரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பத்திலும் ஒருவர் சுவரைப் பிடித்து எழுந்திருக்கக்கூடும்.