குழப்படி என்னும் சொல்லும் கவனக் குறைபாட்டின் வரலாறும்

பிறந்தபோது இடப்படும் பெயரைவிட, வகுப்பறையில் இடப்படும் பெயரே சில பிள்ளைகளின் வாழ்வைத் தீர்மானித்துவிடுகின்றது. திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்துள்ள ஓர்ஸ் ஹில் பகுதியிலாயினும் சரி, ஈழத்தின் பிற தமிழ்ப் பகுதிகளிலாயினும் சரி, இருக்கையில் அமர்ந்திருக்க மாட்டாத சிறுவனைக் ‘குழப்படிக்காரன்’ என்றும், யன்னலுக்கு வெளியே நோக்கியிருக்கும் சிறுமியைக் ‘கவனமில்லாதவள்’ என்றும் கூறுவது நம்மவர் வழக்கம். இவை நிலையை விளக்கும் சொற்களல்ல, பழிசுமத்தும் சொற்கள். கவனக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., என இன்று வழங்கப்படும் நிலையின் வரலாறும், ஒருவகையில், பெயர்கள் மாறிய வரலாறேயாகும். அதனைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியது 1795 ஆம் ஆண்டிலாகும். அதற்கு மூன்றாண்டுகளின் பின், 1798 இல், ஸ்கொட்லாந்து மருத்துவரான அலெக்சாந்தர் கிரைற்றன் உளப்பிறழ்வு பற்றித் தாம் எழுதிய நூலில் கவனத்தைத் தனியாக ஆராய்ந்தார். ஒன்றில் மனத்தை நிலைநிறுத்த இயலாமை பிறவியிலேயே அமையலாம் என்றும், நோயினாலும் நேரலாம் என்றும் அவர் கருதினார். இலக்கணப் பாடத்தின் வறட்சியை வெறுக்கும் மாணவரின் கவனத்தைப் பிரம்பினாலும் பெற முடியாது, நயந்துரைத்தும் பெற முடியாது என்னும் அவரது கருத்து ஈண்டு நோக்கற்பாலது.

எனினும், பின்வந்தோர் இந்த நோக்கிலேயே சென்றனர் எனக் கூறுவதற்கில்லை. 1902 இல் இலண்டனில் விரிவுரை நிகழ்த்திய குழந்தை மருத்துவர் ஜோர்ஜ் ஸ்டில், 43 பிள்ளைகளைப் பற்றிய தம் அவதானிப்புகளை முன்வைத்தார். அவர்களுட் பலரிடம் அறிவாற்றல் குன்றவில்லை என்பதையும், வளர்ப்பு முறையை மட்டும் காரணமாகக் கூற முடியாது என்பதையும் அவர் கண்டார். கண்டும், அந்நிலைக்கு ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்றே பெயரிட்டார். நம்முடைய ‘குழப்படி’ என்னும் சொல் இன்றும் இந்த இடத்திலேயே நிற்கின்றது எனலாம்.

முதலாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் பரவிய மூளையழற்சி நோயிலிருந்து தப்பிய பிள்ளைகள் சிலரிடம் அமைதியின்மை காணப்பட்டது. இதனால், அமைதியற்ற பிள்ளைகள் யாவரிடத்தும் சிறிதளவேனும் மூளைப்பாதிப்பு இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. 1937 இல் அமெரிக்க மருத்துவர் சார்ள்ஸ் பிராட்லி, ஊக்க மருந்தொன்று இத்தகைய பிள்ளைகள் சிலரை அமைதிப்படுத்திக் கல்வியில் ஈடுபடச் செய்ததை வெளியிட்டார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1968 ஆம் ஆண்டுக் கையேடு மிகையியக்கத்தையே முதன்மைப்படுத்தியது. 1980 ஆம் ஆண்டுக் கையேடோ கவனக் குறைபாட்டை முன்னிறுத்தி, மிகையியக்கம் இன்றியும் அது அமையலாம் என ஏற்றுக்கொண்டது. எவருக்கும் இடையூறு செய்யாது கனவில் ஆழ்ந்திருந்த பிள்ளை அப்பொழுதுதான் மருத்துவத்தின் கண்ணிற்பட்டது. இன்றைய பெயர் 1987 இல் வந்தது.

உலகப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் இந்நிலை உண்டு என மதிப்பிடப்படுகின்றது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் எனக் கொள்ளலாம். இதில் மரபுவழியின் பங்கு பெரிது என்பதை இரட்டையர் பற்றிய ஆய்வுகள் காட்டியுள்ளன. பலருக்கு இது முதிர்பருவத்திலும் தொடர்கின்றது. பெண்பிள்ளைகளிடம் இது கவனிக்கப்படாமற் போவது மிகுதி.

திருகோணமலையைப் பொறுத்தவரை இன்னுமோர் எச்சரிக்கையும் வேண்டப்படுகின்றது. 2009 வரை நீடித்த போரையும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டம் இது. அச்சமும் இழப்பும் உறக்கமின்மையும் பிள்ளையின் கவனத்தைச் சிதறடிக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஏ.டி.எச்.டி. இளமையிலேயே தொடங்குவது; 2013 ஆம் ஆண்டுக் கையேடு, 12 வயதுக்கு முன்னரே அறிகுறிகள் தோன்றியிருத்தல் வேண்டும் என்கிறது. வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் அவை காணப்படுதலும் வேண்டும். ஆதலால், பிள்ளையின் முழு வரலாற்றையும் கேட்டறியாது முடிவுகூறல் தகாது. ஒருவரிடத்தே இரண்டும் சேர்ந்திருத்தலும் கூடும்.

இந்நிலையோடு நன்கு வாழ்வதற்கான வழிகள் அரியனவல்ல. நீண்ட வேலையைச் சிறு கூறுகளாக்குதல், வாய்மொழிக் கட்டளையை எழுத்திலும் தருதல், ஆசிரியருக்கு அண்மையில் இடமளித்தல், இடையிடையே எழுந்து நடக்க விடுதல், உறக்கத்தை ஒழுங்குபடுத்தல், தேவையாயின் மருத்துவரின் மேற்பார்வையில் மருந்து கொள்ளல் என்பன அவற்றுட் சில. பல்கலைக்கழகம் வரை வந்தும் ஒப்படையை உரிய நாளில் முடிக்க இயலாது தன்னையே சோம்பேறி என நொந்துகொள்ளும் மாணவருக்கும் இவை பொருந்தும்.

இலங்கைக் கல்வி அமைச்சு 2005 இல் வெளியிட்ட சுற்றறிக்கை பள்ளிகளில் உடற்றண்டனையை விலக்கியது. பிரம்பினாற் கவனம் வாராது என்று கிரைற்றன் எழுதி அப்போது இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன. சுற்றறிக்கை கையிலுள்ள பிரம்பை விலக்கலாம்; நாவிலுள்ள பிரம்பை விலக்குதல் நம் பொறுப்பாகும். ‘ஏன் குழப்படி செய்கிறாய்?’ என்னும் வினாவின் இடத்தில் ‘உனக்கு எது கடினமாக இருக்கிறது?’ என்னும் வினா எழுமாயின், மேற்காட்டிய வரலாற்றின் பயன் நம் வகுப்பறைகளையும் வந்தடைந்தது எனலாம்.